தங்கம் ஏன் கறுப்பதில்லை, சோடியம் ஏன் எரிகிறது: தில்லித் தமிழ்ப் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

தில்லியில் ஆர்.கே. புரம், கரோல் பாக், மயூர் விஹார் பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லித்தருகிறேன். பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். மாலையில் பக்கத்தில் உட்கார்ந்து உதவும் அப்பாவோ அம்மாவோ ஊரில் தமிழ்வழியில் படித்தவர்கள். இரு தரப்புக்கும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் தவறாமல் வரும் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

'வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் இருந்தால் நிலையானது' என்ற ஒரு வரிதான் பெரும்பாலோர் மனதில் நிற்கிறது. தொடங்குவதற்கு அது போதும். ஆனால் நியான் வினைபுரியாமல் இருக்கும் காரணம் வேறு, நைட்ரஜனின் காரணம் வேறு, அலுமினியப் பாத்திரத்தின் காரணம் முற்றிலும் வேறு. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி வேதியியல் கைக்கு வந்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரு தனிமத்தை வினைத்திறன் மிக்கது என்று எப்போது சொல்கிறோம்?

இரண்டு விஷயங்கள் சேர்ந்து அமைய வேண்டும். அந்தத் தனிமம் இன்னொன்றோடு சேரும்போது ஆற்றல் வெளிப்பட வேண்டும். அதாவது சேர்ந்த பிறகு இருக்கும் நிலை, முன்பிருந்த நிலையைவிடத் தாழ்ந்த ஆற்றலில் இருக்க வேண்டும். அதோடு, அந்தச் சேர்க்கை தொடங்குவதற்குப் பெரிய தடை இருக்கக் கூடாது. மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் நிறைய இருக்கிறது. அது கீழே இறங்கக்கூடியதுதான். ஆனால் குழாயைத் திறக்காதவரை ஒரு சொட்டும் வராது. நாம் அமைதியானவை என்று நினைக்கும் பல தனிமங்கள் இப்படிக் குழாய் மூடியதால் மட்டுமே அமைதியாக இருக்கின்றன. இதற்கு மேல் இறங்க இடமே இல்லாதவை மிகச் சில.

வினை தொடங்கத் தேவைப்படும் ஆற்றலுக்குக் கிளர்வு ஆற்றல் என்று பெயர். சமையல் எரிவாயு காற்றோடு கலந்து நின்றாலும் லைட்டரின் பொறி படும்வரை எரிவதில்லை. பொறி பட்டபின் நிற்பதில்லை. லாபம் எவ்வளவு என்பது ஒரு கணக்கு, வேகம் எவ்வளவு என்பது இன்னொரு கணக்கு. பிள்ளைகளுக்கு வரும் சந்தேகங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வருபவை.

எட்டில் என்ன விசேஷம்? ஏழோ ஒன்பதோ ஏன் கூடாது?

உட்கருவின் இழுப்பு ஒரு பக்கம், எலக்ட்ரான்களுக்கு உள்ள இடங்களின் அமைப்பு ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்து தரும் விளைவுதான் எட்டு.

தனிம அட்டவணையின் இரண்டாம் வரிசையை லித்தியத்திலிருந்து நியான் வரை பாருங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் உட்கருவில் ஒரு புரோட்டான் கூடுகிறது, வெளிக்கூட்டில் ஓர் எலக்ட்ரான் கூடுகிறது. ஒரே கூட்டில் இருக்கும் எலக்ட்ரான்கள் உட்கருவின் இழுப்பை ஒன்றுக்கொன்று அவ்வளவாக மறைப்பதில்லை. அதனால் வலப்பக்கம் போகப் போக இழுப்பு வலுக்கிறது, அணு சுருங்குகிறது, எலக்ட்ரானைப் பிடுங்குவது கடினமாகிறது. லித்தியத்திலிருந்து ஓர் எலக்ட்ரானை எடுக்க மோலுக்கு 520 கிலோஜூல் போதும் (மோல் என்பது டஜன் மாதிரி, அணுக்களை எண்ணும் ஓர் அளவு). நியானுக்கு 2081 கிலோஜூல் வேண்டும்.

நியானில் அந்தக் கூட்டின் நான்கு ஆர்பிட்டல்களும், அதாவது எலக்ட்ரான்களுக்கு உள்ள இடங்களும், நிரம்பிவிட்டன. ஒவ்வொன்றிலும் இரண்டு எலக்ட்ரான், ஆக எட்டு. இன்னும் ஒன்று வந்தால் அது அடுத்த கூட்டில், தொலைவில்தான் இருக்க முடியும். அங்கிருந்து பார்த்தால் உள்ளே இருக்கும் பத்து எலக்ட்ரான்களும் உட்கருவை மறைத்துவிடுகின்றன. அதைப் பிடித்துவைக்கும் அளவுக்கு இழுப்பு மிஞ்சாது. நியானிலிருந்து எடுக்கவும் முடியவில்லை, அதனிடம் சேர்க்கவும் முடியவில்லை. அதன் நிலைத்தன்மை என்பது இவ்வளவுதான்.

ஹீலியத்தின் ஒரே கூட்டில் ஒரே ஆர்பிட்டல். அங்கே இரண்டிலேயே நிரம்பிவிடுகிறது. அதன் அயனியாக்கும் ஆற்றல், அதாவது ஓர் எலக்ட்ரானை எடுக்கத் தேவையான ஆற்றல், 2372 கிலோஜூல்; எல்லாத் தனிமங்களிலும் இதுவே அதிகம். இரும்பு, தாமிரம் போன்ற இடைநிலைத் தனிமங்கள் எட்டு என்ற கணக்குக்குக் கட்டுப்படுவதே இல்லை. எட்டு ஒரு நல்ல வழிகாட்டி, அவ்வளவுதான். அதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சோடியம் எலக்ட்ரானைக் கொடுக்க ஆசைப்படுகிறது, குளோரின் வாங்க ஆசைப்படுகிறது என்று பள்ளியில் சொல்கிறார்கள். சரிதானா?

இந்தக் கேள்விக்கு நேரம் எடுத்துப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் புரிதல் தடம் மாறிப்போகிறது. எந்த அணுவும் எலக்ட்ரானைச் சும்மா விட்டுவிடுவதில்லை. சோடியத்திடமிருந்து ஒன்றை எடுக்க 496 கிலோஜூல் செலவழிக்க வேண்டும். மற்ற உலோகங்களோடு ஒப்பிட்டால் இது குறைவு. ஆனாலும் செலவு செலவுதான்.

ஒரு மோல் உப்பு உண்டாகும் கணக்கை நோட்டுப் புத்தகத்தில் போட்டுப் பாருங்கள். திட சோடியத்தை ஆவியாக்க ஏறத்தாழ 107 கிலோஜூல். குளோரின் மூலக்கூறைப் பிளந்து அணுக்களாக்க 121. சோடியத்திலிருந்து எலக்ட்ரானை எடுக்க 496. மொத்தச் செலவு 724. குளோரின் அணு அந்த எலக்ட்ரானை ஏற்கும்போது 349 திரும்பக் கிடைக்கிறது. அதன் பிறகும் 375 கிலோஜூல் நஷ்டம்! இத்தோடு நிறுத்தினால் சோடியமும் குளோரினும் சேரவே கூடாது.

அந்த நஷ்டத்தை ஈடுகட்டுவது படிகம். எலக்ட்ரானை இழந்த நேர்மின் சோடியம் அயனிகளும் எலக்ட்ரானைப் பெற்ற எதிர்மின் குளோரைடு அயனிகளும் மாறி மாறி அடுக்கப்படும்போது, ஒவ்வொரு அயனியையும் ஆறு எதிர் அயனிகள் சூழ்கின்றன. அந்த ஈர்ப்பில் 787 கிலோஜூல் வெளிப்படுகிறது. கழித்துப் பார்த்தால் ஏறத்தாழ 410 கிலோஜூல் லாபம். மஞ்சள் சுடரும் வெப்பமும் அங்கிருந்துதான் வருகின்றன.

அப்படியானால் சோடியம் இரண்டாவது எலக்ட்ரானையும் கொடுத்து இன்னும் இறுக்கமான படிகமாகலாமே என்று ஒரு மாணவி கேட்டாள். அருமையான கேள்வி. இரண்டாவது எலக்ட்ரான் உள்கூட்டில் இருக்கிறது. அதை எடுக்க 4562 கிலோஜூல் வேண்டும். எந்தப் படிகமும் அந்தச் செலவை ஈடுகட்டாது. மக்னீசியத்தின் இரண்டாவது எலக்ட்ரானுக்கு 1451 போதும். அந்தச் செலவைப் படிகம் தாங்கும். அதனால்தான் சோடியம் ஒற்றை நேர்மின்சுமையோடும் மக்னீசியம் இரட்டை நேர்மின்சுமையோடும் நிற்கின்றன. ஆசை எங்கும் இல்லை, வரவு செலவுதான் இருக்கிறது. வீட்டில் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோர் இந்த ஒரு கணக்கை மட்டுமாவது கூடவே உட்கார்ந்து போட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

லித்தியம், சோடியம், பொட்டாசியம் மூன்றுமே தண்ணீரில் வினைபுரிகின்றன. ஏன் கீழே போகப் போக வேகம் கூடுகிறது?

கீழே போகப் போகக் கூடுகள் கூடுகின்றன. வெளி எலக்ட்ரான் தொலைவாகிறது, உள்ளே மறைப்பும் அதிகமாகிறது. எலக்ட்ரானை எடுக்கும் செலவு குறைகிறது: லித்தியம் 520, சோடியம் 496, பொட்டாசியம் 419, ருபீடியம் 403, சீசியம் 376 கிலோஜூல். பாடநூல் பதில் இதோடு முடிகிறது.

ஆனால் தண்ணீரில் எலக்ட்ரானை இழக்கும் போக்கை வோல்ட்டில் அளந்தால் லித்தியம்தான் முதலில் நிற்கிறது: மைனஸ் 3.04 வோல்ட். இந்த அளவில் மைனஸ் கூடக் கூட இழக்கும் போக்கும் கூடும். அதன் அயனி மிகச் சிறியது. தண்ணீர் மூலக்கூறுகள் அதை நெருக்கமாகச் சூழ்ந்துகொள்வதால் நிறைய ஆற்றல் வெளிப்படுகிறது. பிறகு ஏன் கண்ணுக்குச் சோடியத்தைவிட மெதுவாகத் தெரிகிறது? லித்தியம் 181 டிகிரியில்தான் உருகும். சோடியம் 98 டிகிரியில், பொட்டாசியம் 63 டிகிரியில் உருகிவிடும். வினையின் சூட்டிலேயே உருகி உருண்டையாகும் உலோகம் தண்ணீருக்குப் புதுப்புது மேற்பரப்பைக் காட்டிக்கொண்டே இருக்கிறது. லாபத்தில் லித்தியம் முந்துகிறது, வேகத்தில் பொட்டாசியம் முந்துகிறது. முதல் கேள்வியில் சொன்ன இரண்டு கணக்கு இங்கே பிரிந்து தெரிகிறது.

பிரான்சியம்தான் எல்லாவற்றிலும் கொடியது என்று இணையத்தில் படித்துவிட்டு வருகிறார்கள். அதன் அயனியாக்கும் ஆற்றல் சீசியத்தைவிடச் சற்று அதிகம். அதோடு, சில நிமிடங்களில் சிதைந்துவிடுவதால் கண்ணால் பார்க்கும் அளவுக்கு யாரும் அதைச் சேர்த்ததே கிடையாது.

ஃபுளூரின் ஏன் எல்லாவற்றையும் தாக்குகிறது? எலக்ட்ரான் நாட்டம் குளோரினுக்குத்தானே அதிகம்?

ஆம். எலக்ட்ரான் நாட்டம் என்பது அணு ஓர் எலக்ட்ரானை ஏற்கும்போது வெளிப்படும் ஆற்றல். குளோரினுக்கு 349, ஃபுளூரினுக்கு 328 கிலோஜூல். ஃபுளூரினின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. அதன் இரண்டு அணுக்களும் தங்களுக்குள் பிணைந்திருப்பது மிகப் பலவீனமாக: 158 கிலோஜூல்தான். குளோரினில் 242. சிறிய அணுக்கள் நெருங்கி நிற்கும்போது பிணைப்பில் சேராத எலக்ட்ரான் இணைகள் ஒன்றையொன்று விலக்குகின்றன. எளிதில் உடைகிறது, உடைந்தபின் மற்றவற்றோடு மிக வலுவாகப் பிணைகிறது. ஹைட்ரஜனோடு அதன் பிணைப்பு ஏறத்தாழ 565 கிலோஜூல்.

1886-இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்ரி முவாசான் இதைத் தனியே பிரித்தெடுத்தார். 1906-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன் முயன்ற பலர் உடல்நலம் கெட்டார்கள், சிலர் உயிரிழந்தார்கள். இவ்வளவு கொடிய தனிமம் கார்பனோடு சேர்ந்தபின் எதற்கும் அசைவதில்லை. தோசை ஒட்டாத தவாவின் பூச்சு அதுதான். பிணைப்பு உண்டாகும்போது எவ்வளவு ஆற்றல் வெளியேறியதோ, அதை உடைக்கவும் அவ்வளவு வேண்டும். கடும் வினைத்திறன் உள்ள தனிமம் பெரும்பாலும் மிக உறுதியான சேர்மத்தைத் தருவது இதனால்தான். பற்பசையில் இருப்பது ஃபுளூரைடு அயனி; ஏற்கெனவே எலக்ட்ரானைப் பெற்றுவிட்டது, அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

ஹீலியம், நியான் போன்ற மந்த வாயுக்கள் உண்மையிலேயே எதோடும் சேராதா?

நீண்ட காலம் அப்படித்தான் நம்பினார்கள். அவை இருப்பதே வெகு காலம் தெரியவில்லை, காரணமும் அவற்றின் மந்தத்தன்மைதான். 1785-இல் ஆங்கில விஞ்ஞானி கேவண்டிஷ் காற்றிலிருந்து ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் நீக்கிக்கொண்டே போனபோது சின்னக் குமிழி ஒன்று மட்டும் எதோடும் சேராமல் மிஞ்சியது. அதை எழுதியும் வைத்தார். 1894-இல் ராலேயும் ராம்சேயும் ஆர்கானை அறிவித்த பிறகுதான் அந்தக் குமிழி என்னவென்று விளங்கியது. காற்றில் கிட்டத்தட்ட நூற்றில் ஒரு பங்கு ஆர்கான். நூறு வருடம் அதைச் சுவாசித்துக்கொண்டே அறியாமல் இருந்திருக்கிறார்கள். ஹீலியத்தின் தடயம் நம் நாட்டில் கிடைத்தது. 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தை ஆந்திராவின் குண்டூரில் இருந்து ஆராய்ந்தவர்களில் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென் ஒருவர். அந்த ஆண்டு சூரிய ஒளியில் கண்ட மஞ்சள் கோடு பூமியில் அறிந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை.

1962-இல் கனடாவில் நீல் பார்ட்லெட் ஓர் எளிய ஒப்பீடு செய்தார். பிளாட்டினம் ஹெக்ஸாஃபுளூரைடு ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்தே எலக்ட்ரானைப் பிடுங்கியதை அவர் கண்டிருந்தார். செனானின் அயனியாக்கும் ஆற்றலும் ஆக்சிஜன் மூலக்கூறினுடையதும் கிட்டத்தட்ட சமம். அப்படியானால் செனானும் சேர வேண்டுமே! சேர்ந்தது. செனான் பெரிய அணு, வெளி எலக்ட்ரான்கள் தொலைவில் இருக்கின்றன. அதனால் அது முடிந்தது. நியான், ஹீலியம் பக்கம் போனால் மிகக் கடினம். 2017-இல் பல லட்சம் வளிமண்டல அழுத்தத்தில் சோடியத்தோடு ஹீலியம் சேர்ந்த படிகம் உருவானதாக அறிவித்தார்கள். நாம் வாழும் அழுத்தத்தில் அது நிற்காது.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். அதன் அணுவில் வெளி எலக்ட்ரான் ஐந்துதான். ஏன் அது சும்மா இருக்கிறது?

தனி நைட்ரஜன் அணு சும்மா இருக்காது. காற்றில் இருப்பது இரண்டு அணுக்கள் மூன்று பிணைப்பால் இறுகிய மூலக்கூறு. அதை உடைக்க மோலுக்கு 945 கிலோஜூல் வேண்டும். ஆக்சிஜன் மூலக்கூறுக்கு 498 போதும். ஹைட்ரஜனோடு சேர்ந்து அம்மோனியாவாவது சாதாரண வெப்பநிலையிலேயே லாபகரமான வினைதான். ஆனாலும் இரண்டையும் கலந்து எத்தனை காலம் வைத்தாலும் எதுவும் நடக்காது. உரத் தொழிற்சாலைகளில் இரும்பு வினையூக்கியும் 400 டிகிரிக்கு மேல் வெப்பமும் நூற்றுக்கும் மேற்பட்ட வளிமண்டல அழுத்தமும் கொடுத்துத்தான் அதைச் செய்விக்கிறார்கள். பயறுச் செடியின் வேர்முடிச்சில் வாழும் பாக்டீரியா அதே வேலையை மண்ணின் வெப்பத்திலேயே செய்துவிடுகிறது. எனக்கு வேதியியலில் மிகவும் பிடித்த உண்மை இது.

நம் தில்லிக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. வண்டி எஞ்சினுக்குள் இருக்கும் கடும் வெப்பத்தில் அந்த மூன்று பிணைப்பும் உடைகிறது. நைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்கிறது. காற்றுத் தர அறிக்கையில் வரும் நைட்ரஜன் டைஆக்சைடு இப்படிப் பிறந்தது. பெட்ரோலில் நைட்ரஜன் இருந்ததால் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பகுதி நாம் சுவாசிக்கும் அதே காற்றிலிருந்து வந்தது. குளிர்காலத்தில் காற்று நகராமல் தேங்கும்போது அதுவும் இங்கேயே தங்கிவிடுகிறது.

நைட்ரஜன் மூலக்கூறு இவ்வளவு உறுதியாக இருப்பதாலேயே பல நைட்ரஜன் சேர்மங்கள் வெடிக்கின்றன. மீண்டும் அந்த மூலக்கூறாக மாறும்போது ஏராளமான ஆற்றல் ஒரே நொடியில் வெளிவருகிறது.

உலோகங்களை வினைத்திறன்படி அடுக்கிய வினைவரிசையில் அலுமினியம் இரும்புக்கு மேலே இருக்கிறது. பிறகு ஏன் அலுமினியப் பாத்திரம் துருப்பிடிப்பதில்லை?

அது உடனே வினைபுரிந்துவிடுவதுதான் காரணம். புதிதாக வெட்டிய அலுமினியம் காற்றுப் பட்டவுடன் மேலே ஆக்சைடு படலம் ஒன்றைப் போர்த்திக்கொள்கிறது. தடிமன் சில நானோமீட்டர்தான். ஆனால் இடைவெளியின்றி ஒட்டிக்கொண்டிருப்பதால் உள்ளே ஆக்சிஜன் போக வழியில்லை. இரும்பின் துரு அப்படியில்லை. பொருக்குப் பொருக்காக உதிர்ந்து அடுத்த அடுக்கைக் காற்றுக்குக் காட்டிக்கொடுக்கிறது.

அந்தப் படலத்தின் கீழே இருக்கும் அலுமினியம் எவ்வளவு வீரியமானது என்பதைத் தண்டவாளம் இணைக்கும் இடத்தில் பார்க்கலாம். அலுமினியத் தூளும் இரும்பு ஆக்சைடும் கலந்து பற்றவைத்தால், அலுமினியம் ஆக்சிஜனைப் பறித்துக்கொள்கிறது. 2000 டிகிரிக்கு மேல் சூடேறி, உருகிய இரும்பு தண்டவாள இடைவெளியில் இறங்குகிறது. ரயில்வே இந்த முறையை வழக்கமாகப் பயன்படுத்துகிறது.

புளியும் உப்பும் அந்தப் படலத்தைக் கரைக்கும். எனவே புளிக்குழம்பையோ ரசத்தையோ அலுமினியப் பாத்திரத்தில் இரவெல்லாம் வைக்காதீர்கள். ரசத்துக்கு நம் பாட்டிமார் ஈயச் சொம்பு வைத்திருந்தார்கள். அது வெள்ளீயம், வினைவரிசையில் இரும்புக்குக் கீழே இருப்பது, மெல்லிய அமிலத்தில் மிக மெதுவாகத்தான் கரையும். 232 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால் வெறும் சொம்பை அடுப்பில் வைக்கக் கூடாது. இங்கே சந்தையில் வாங்கினால் காரீயம் கலக்காததா என்று சோதித்து வாங்குங்கள். காரீயம் நஞ்சு.

அப்படியானால் குதுப் மினார் வளாகத்து இரும்புத் தூண் மட்டும் ஏன் துருப்பிடிக்கவில்லை? அது வேறு வகை இரும்பா?

ஊரிலிருந்து உறவினர் வந்தால் மெஹ்ரௌலிக்கு அழைத்துப்போகாத தில்லித் தமிழ்க் குடும்பம் அரிது. தூணைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகள் எல்லோரும் இதைக் கேட்கிறார்கள். ஏழு மீட்டருக்குச் சற்று மேல் உயரம், ஆறு டன்னுக்கு மேல் எடை, குப்தர் காலத்தது. ஏறத்தாழ 1600 வருடம் ஆகிறது.

தனிமம் அதே இரும்புதான். கலந்திருப்பதில்தான் வித்தியாசம். கரி போட்டு உருக்கிய அந்தக் கால உலையில் சுண்ணாம்பு சேர்க்கவில்லை. அதனால் தாதுவில் இருந்த பாஸ்பரஸ் வெளியேறாமல் இரும்பிலேயே தங்கிவிட்டது. இன்றைய எஃகில் இருப்பதைவிடப் பல மடங்கு, ஏறத்தாழ 0.25 சதவீதம். கான்பூர் ஐஐடியில் உலோகவியல் பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்பிரமணியம் இதை ஆழமாக ஆராய்ந்து விளக்கினார். மேற்பரப்பில் துரு உண்டானபோது பாஸ்பரஸ் அங்கே செறிந்து, இரும்பு பாஸ்பேட் படலமாக மாறி, ஈரத்தையும் ஆக்சிஜனையும் மறித்துவிட்டது. தில்லியின் காற்று வருடத்தின் பெரும்பகுதி வறண்டிருப்பதும் துணை செய்தது.

ஆக, தூண் துருப்பிடிக்கவில்லை என்று சொல்வதைவிட, மெல்லியதாகத் துருப்பிடித்து அந்தத் துருவாலேயே காக்கப்பட்டது என்று சொல்வது சரி. அலுமினியம் தானாகச் செய்வதை இந்த இரும்பு பாஸ்பரஸின் உதவியோடு செய்தது. உலை போட்ட கொல்லர்களுக்கு அயனி தெரியாது. எந்தத் தாது நல்ல இரும்பைத் தரும் என்று அனுபவத்தில் தெரிந்திருக்கும். அந்தக் கைத்திறனுக்கு முன் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

தங்கம் கறுப்பதில்லை, வெள்ளிக் கொலுசு கறுக்கிறது. ஏன்?

தங்கத்தின் உட்கருவில் 79 புரோட்டான்கள். அவ்வளவு பெரிய இழுப்பில் உள் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேலான வேகத்தில் இயங்குகின்றன. ஐன்ஸ்டைனின் சார்பியல் விளைவு அங்கே உண்மையாகவே வேலை செய்து, வெளி எலக்ட்ரானின் ஆர்பிட்டலையும் சுருக்குகிறது. வெள்ளியிலிருந்து ஓர் எலக்ட்ரானை எடுக்க 731 கிலோஜூல், தங்கத்திலிருந்து 890. ஆக்சிஜனோடு சேர்வதில் தங்கத்துக்கு லாபமே இல்லை. இது மூடிய குழாயல்ல, உண்மையான நிலைத்தன்மை. நிறம் மஞ்சளாக இருப்பதற்கும் இதே காரணம். இன்னும் வியப்பு என்னவென்றால், சீசியத்தோடு சேர்த்தால் தங்கம் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு எதிர்மின் அயனியாகிறது.

தங்கத்தை எதுவும் கரைக்காது என்பதும் இல்லை. மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஒரு பங்கு நைட்ரிக் அமிலமும் சேர்ந்த ராஜ திராவகம் கரைக்கும். நைட்ரிக் அமிலம் எலக்ட்ரானைப் பறிக்கிறது, குளோரைடு உடனே தங்க அயனியைச் சூழ்ந்துகொள்கிறது. தனித்தனியே இரண்டாலும் முடியாது.

வெள்ளியும் ஆக்சிஜனுக்கு அசைவதில்லை. கந்தகத்துக்கு அசைகிறது. காற்றில் துளி ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தால் போதும், மேலே கருப்பு வெள்ளி சல்ஃபைடு படிகிறது. திறந்த சாக்கடை நாலா அருகே குடியிருப்பவர்கள் வீட்டில் கொலுசும் குத்துவிளக்கும் சீக்கிரம் கறுப்பதும் இதனால்தான். 916 தங்கத்தில் 8.4 சதவீதம் தாமிரமோ வெள்ளியோ இருக்கும். பழைய நகை லேசாக மங்கினால் அந்தக் கலப்பு உலோகத்தைத்தான் காரணம் சொல்ல வேண்டும், கரோல் பாக் கடைக்காரரைச் சந்தேகப்பட வேண்டாம்.

கீஸர் மெக்கானிக் மக்னீசியம் ராடை மாற்றச் சொல்கிறார். தேவையா?

தேவை. கீஸரின் உள் தொட்டி பெரும்பாலும் எஃகு, மேலே கண்ணாடிப் பூச்சு. பூச்சில் நுண்ணிய விரிசல் விட்டால் இரும்பு அரிக்கத் தொடங்கும். தொட்டிக்குள் மக்னீசியம் கம்பி இருந்தால், எலக்ட்ரானை இழக்கும் வேலையை அது எடுத்துக்கொள்கிறது. மக்னீசியம் மைனஸ் 2.37 வோல்ட், இரும்பு மைனஸ் 0.44. கம்பி கரைந்து தீரும்வரை தொட்டி பிழைக்கும். போர்வெல் தண்ணீர் வரும் வீடுகளில் உப்பு அதிகம், கம்பி சீக்கிரம் தீரும். குளிர்காலத்துக்கு முன் வருடம் ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். தகரக் கூரைக்குத் துத்தநாகம் பூசுவதும் இதே கணக்கு.

ஒரே தனிமம் ஒரு வடிவில் அமைதியாகவும் இன்னொரு வடிவில் கொடியதாகவும் இருக்க முடியுமா?

முடியும். வெண்பாஸ்பரஸைத் தண்ணீருக்குள்தான் வைக்க வேண்டும், காற்றில் தானே பற்றிக்கொள்ளும். அதில் நான்கு அணுக்கள் 60 டிகிரிக் கோணத்தில் நெருக்கியடித்து நிற்கின்றன. சிவப்புப் பாஸ்பரஸில் அந்த நெருக்கடி இல்லை. தீப்பெட்டியின் பக்கவாட்டில் பூசி வைக்கிறோம். இரும்பு ஆணி எரியாது, கம்பி மத்தாப்பில் இரும்புத் தூள் எரிகிறது.

யுரேனியம், ரேடியம் நிலையற்றவை என்கிறார்கள். அவை சோடியம் மாதிரியா?

இல்லை, இது வேறு விஷயம். இதுவரை பேசியதெல்லாம் எலக்ட்ரான்களைப் பற்றி. கதிரியக்கம் உட்கருவைப் பற்றியது. இரண்டுக்கும் தொடர்பில்லை. ரேடான் மந்த வாயு, ஆனால் அதன் பரவலான ஐசோடோப்பின் (நியூட்ரான் எண்ணிக்கையில் மட்டும் வேறுபடும் வகை) அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், 3.8 நாள். இரும்பின் உட்கரு எல்லாவற்றிலும் மிக உறுதியானவற்றில் ஒன்று, ஆனால் மழையில் துருப்பிடிக்கிறது.

2010 ஏப்ரலில் மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் நடந்ததை இங்கே வளர்ந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆய்வகக் கருவி ஒன்று ஏலத்தில் பழைய இரும்பாக வந்தது. அதற்குள் கோபால்ட்-60. பிரித்தவர்களுக்கு அது சாதாரண உலோகமாகவே தெரிந்தது, ஏனென்றால் வேதியியல்படி அது சாதாரணக் கோபால்ட்தான். இயற்கையில் உள்ள கோபால்ட்டில் 32 நியூட்ரான், இதில் 33. அந்த ஒரு நியூட்ரான் கூடியதால் உட்கரு சிதைந்து காமாக் கதிர் வெளிவிடுகிறது. அரை ஆயுள் 5.27 வருடம். ஒரு தொழிலாளி உயிரிழந்தார், பலர் மருத்துவமனையில் கிடந்தார்கள். எரியவில்லை, புகையவில்லை, மணக்கவில்லை. கண்ணுக்கும் மூக்கிற்கும் தெரியாத இந்த நிலையின்மையைப் பள்ளியில் தனிப் பாடமாகவே சொல்லித்தர வேண்டும்.

தேர்வில் 'ஏன் நிலையானது' என்று வந்தால் எப்படி எழுதுவது?

மந்த வாயு என்றால் நிரம்பிய வெளிக்கூடு, உயர்ந்த அயனியாக்கும் ஆற்றல் என்று எழுதுங்கள். நைட்ரஜன் என்றால் மூன்று பிணைப்பு. அலுமினியம் என்றால் ஆக்சைடு படலம். தங்கம் என்றால் வினைவரிசையில் கடைசி இடம். மூன்று மதிப்பெண் கேள்விக்கு எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை.

வீட்டில் என்ன செய்து பார்க்கலாம்?

கறுத்த வெள்ளிக் கொலுசை அலுமினியத் தாளில் வைத்து, ஒரு பெரிய ஸ்பூன் ஆப்ப சோடா போட்டுக் கொதிநீர் ஊற்றுங்கள். அலுமினியம் கந்தகத்தை வெள்ளியிடமிருந்து வாங்கிக்கொள்ளும். வெள்ளி தேயாமல் வெளுக்கும். கல் பதித்த நகைக்கு இது வேண்டாம். மயில்துத்த (காப்பர் சல்ஃபேட்) கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டால் சில மணி நேரத்தில் தாமிரம் சிவப்பாகப் படியும். கரைசல் நஞ்சு என்பதால் பெரியவர்கள் உடனிருக்க வேண்டும். சோடியத் துண்டை யாராவது ஆன்லைனில் வாங்கித் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள்.

ஒன்றை மட்டும் எந்த நாளும் செய்யக் கூடாது. பாத்ரூம் கழுவும் ஆசிடையும் ப்ளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊற்றினால் குளோரின் வாயு வரும். ஜன்னல் சாத்திய குளிர்கால பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. வீட்டு வேலைக்கு உதவுபவர்களுக்கும் இதை இந்தியில் எடுத்துச் சொல்லுங்கள். தவறிக் கலந்துவிட்டால் தண்ணீர் ஊற்றிச் சரிசெய்யப் பார்க்காமல் உடனே வெளியே வந்து, எல்லோரையும் திறந்த வெளிக்கு அழைத்துப் போங்கள். வெளியிலிருந்து எட்டும் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். இருமல் நிற்காவிட்டால் மருத்துவமனைக்குப் போய், எதை எதோடு கலந்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.